ஆப் நம் கையில், பணம் யார் கையில்? ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு டிஜிட்டல் வங்கி பற்றி

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பொன்னி அரிசி கிடைக்குமா என்பது ஒன்று. "பேங்க் அக்கவுண்டுக்கு எந்த ஆப் நல்லது?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம், கிடைக்கும். இரண்டாவதற்கு நான் ஒரு எதிர்க்கேள்வி போடுவது வழக்கம். கெம்னிட்ஸில் முதுகலைக்கு இடம் கிடைத்த என் சித்தி மகனிடமும் அதைத்தான் கேட்டேன்: "ஆப்பை விடுடா. அந்த ஆப்புக்குப் பின்னால உன் பணத்தை யார் வச்சிருக்காங்கன்னு தெரியுமா?"

"அந்த ஆப்காரங்கதானே அண்ணா?"

சில சமயம் ஆமாம். சில சமயம் இல்லை. பணம் எந்த அளவுக்குப் பாதுகாப்பு, வீட்டுக்காரர் நம் கணக்கு எண்ணை ஏற்பாரா, வட்டிக்கு வரி யார் பிடிப்பார், தகராறு வந்தால் எந்த நாட்டுக் கதவைத் தட்டுவது எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

போர்டில் ஒரு பெயர், ரசீதில் ஒரு பெயர்

சில கடைகளில் போர்டில் ஒரு பெயர் இருக்கும், ரசீதில் வேறு பெயர் அச்சாகியிருக்கும். டிஜிட்டல் வங்கிகளிலும் இதே கதைதான். கிளை கிடையாது, கவுண்டர் கிடையாது, எல்லாம் போனில் என்ற அளவில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மூன்று வகை உண்டு.

சில நிறுவனங்கள் தாங்களே வங்கி உரிமம் வாங்கியவை. பெர்லினில் இருக்கும் என்26, நெதர்லாந்தின் பங்க் (எழுதிப் பார்த்தால் பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கும், உச்சரிப்பும் அதுவேதான்), ஐரோப்பாவில் லித்துவேனியா உரிமத்தில் இயங்கும் ரெவலூட் ஆகியவை இந்த வகை. அடுத்தது வங்கியே அல்லாதவை. வைஸ் அப்படி. கார்டு தரும், கணக்கு எண் தரும், பணம் அனுப்பும், வாங்கும். ஆனால் ஐரோப்பாவில் அது பெல்ஜியத்தில் அனுமதி பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம்தான். மூன்றாவது வகை, வேறு ஏதோ ஒரு வங்கியின் உரிமத்தை வாடகைக்கு எடுத்து, அதன்மேல் தன் பெயரையும் நிறத்தையும் பூசிக்கொண்ட ஆப்கள்.

இந்த மூன்றாவது வகையை மட்டமாக எண்ண வேண்டாம். என்26கூட 2015இல் நம்பர்26 என்ற பெயரில் தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது. ஆப் அவர்களுடையது, வங்கி வேறொருவருடையது. 2016இல்தான் சொந்த உரிமம் கிடைத்தது. அதுவரை அதற்குப் பின்னால் இருந்த வங்கி எது தெரியுமா? வயர்கார்டு வங்கி.

அந்தப் பெயரைக் கேட்டதும் இங்குள்ளவர்கள் சற்று நெளிவார்கள். ஜெர்மனியின் பெருமையாகப் பேசப்பட்ட வயர்கார்டு நிறுவனம், கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ இருக்கிற இடமே தெரியவில்லை என்று ஆனதும் 2020 ஜூன் 25 அன்று திவால் மனு கொடுத்தது. மறுநாளே பிரிட்டனில் அதன் துணை நிறுவனத்தின் செயல்பாட்டை அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு முடக்கியது. அந்தத் துணை நிறுவனத்தை நம்பி இயங்கிய பல ஆப்களின் கார்டுகள் ஒரே நாளில் செத்துப்போயின. வயர்கார்டு என்ற பெயரையே கேள்விப்படாத மக்கள் கடையில் கார்டை நீட்டியபடி திகைத்து நின்றார்கள். சில நாட்களில் தடை நீங்கியது, பணமும் தொலையவில்லை. ஆனால் அந்தச் சில நாட்களில் வாடகை கட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது?

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கதை கிரீன்சில். பிரேமன் நகரில் இருந்த சிறிய வங்கி. நல்ல வட்டி கொடுத்ததால் ஜெர்மனி முழுவதிலும் இருந்து பணம் குவிந்தது. 2021 மார்ச்சில் ஜெர்மன் நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் அதை மூடியது. தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு என்ன ஆனது? டெபாசிட் காப்பீடு இருந்ததால் ஒரு சில வாரங்களில் பணம் திரும்பக் கையில். மாட்டிக்கொண்டவை நகராட்சிகள். அவற்றுக்கு அந்தக் காப்பீடு பொருந்தாது. மோன்ஹைம் என்ற சின்ன ஊர் மட்டும் 3.8 கோடி யூரோ போட்டிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் பெற்ற வங்கி எதுவானாலும், ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 1,00,000 யூரோ வரை சட்டப்படி காப்பீடு உண்டு. நம் ஊரில் இது 5 லட்சம் ரூபாய் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். படிக்க வரும் பிள்ளைக்கு இதற்கு மேல் கணக்கில் இருந்தால், இந்தக் கட்டுரையைப் படிக்கும் நேரத்தில் நல்ல ஆடிட்டரைப் பார்ப்பது உத்தமம்.

வைஸ் போன்றவற்றில் இந்தக் காப்பீடு கிடையாது. அதற்காகப் பணம் அநாதை என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒதுக்கி வைப்பது வேறு, காப்பீடு வேறு. நிறுவனம் விழுந்தால் முன்னதில் பணம் வர வேண்டும், எப்போது, எவ்வளவு வரும் என்பதில்தான் சிக்கல். ஆகவே வைஸை நான் பேருந்து நிலையம் மாதிரி பயன்படுத்துகிறேன். பணம் வரும், ஏறும், போகும். தங்காது.

சரி, எந்த ஆப் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெர்மனியில் இதற்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. இங்கே எந்த வணிக இணையதளமானாலும் 'இம்ப்ரெசும்' என்ற பக்கம் வைத்தே ஆக வேண்டும், சட்டம். நிறுவனத்தின் முழுப்பெயர், முகவரி, கண்காணிக்கும் அமைப்பு எல்லாம் அதில் இருக்கும். தளத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். விளம்பரப் பக்கத்தில் பத்து நிமிடம் செலவழிப்பதைவிட இங்கே இரண்டு நிமிடம் செலவழிப்பது மேல். 'எங்கள் கூட்டாளி வங்கி' என்று எங்காவது வந்தால், அந்தக் கூட்டாளியின் பெயரைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு தகராறு என்றால் தேட வேண்டியது அவரைத்தான்.

படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே ஒரு முறை வந்து போயிருக்கும், கவனித்திருக்க மாட்டார்கள். விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கி வைப்பார்களே, அந்தப் ப்ளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பரிலிருந்து அதற்கு 11,904 யூரோ, மாதக் கணக்கில் 992. அதை நடத்தித் தரும் பிரபலமான நிறுவனங்கள் பலவும் வங்கி அல்ல, முகப்புதான். பின்னால் ஒரு வங்கி இருக்கும். இங்கே வந்து சேர்ந்ததும் அந்த 992 யூரோ மாதாமாதம் வந்து விழ ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

முதல் இரண்டு எழுத்து

நம் ஊரில் கணக்கு எண் ஒன்று, ஐஎஃப்எஸ்சி ஒன்று என்று இரண்டு கொடுக்கிறோம். ஐரோப்பாவில் இரண்டும் சேர்ந்த ஒரே நீள எண், அதன் பெயர் ஐபான். முதல் இரண்டு எழுத்து நாட்டைச் சொல்லும். ஜெர்மனிக்கு டிஇ, நெதர்லாந்துக்கு என்எல், லித்துவேனியாவுக்கு எல்டி, பெல்ஜியத்துக்கு பிஇ.

சட்டப்படி எல்லாம் சமம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு விதி ஒன்று, வேறு நாட்டு ஐபான் என்பதற்காக யாரும் மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. நடைமுறையில்? ஜிம்மில் சேரும் படிவத்தில் டிஇ என்று முன்கூட்டியே அச்சடித்து, மீதி 20 கட்டம் வரைந்து வைத்திருப்பார்கள். ஜெர்மன் ஐபான் 22 இலக்கம். பெல்ஜிய எண் 16தான். மிச்சக் கட்டத்தில் கோலம் போடுவதா? சம்பளப் பட்டியல் போடும் அம்மையார், "எங்கள் மென்பொருள் இதை ஏற்கவில்லை" என்பார். புகார் கொடுக்கலாம், சட்டம் நம் பக்கம். ஆனால் வந்த முதல் மாதத்தில், வீடு கிடைக்குமா கிடைக்காதா என்ற நிலையில், வீட்டுக்காரரிடம் ஐரோப்பியச் சட்டம் பேச எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்? அதனால் ஜெர்மனியில் குடியிருக்கும்வரை சம்பளத்துக்கும் வாடகைக்கும் டிஇ என்று தொடங்கும் ஒரு கணக்கு வைத்திருங்கள் என்பதுதான் என் கருத்து. கொள்கைப் பிடிப்பு உள்ளவர்கள் சண்டை போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். வெளிநாட்டு வங்கிகள் இங்கே கிளை பதிவு செய்து டிஇ எண் கொடுக்கலாம். பங்க் கொடுக்கிறது, ரெவலூட்டும் பல நாடுகளில் உள்ளூர் எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது. எண் ஜெர்மனியுடையது ஆகிவிட்டதால் காப்பீடும் ஜெர்மனியுடையது ஆகிவிடாது. உரிமம் எந்த நாடோ, காப்பீடும் அந்த நாடுதான். தொகை ஒன்றுதான், 1,00,000. கேட்டுப் போக வேண்டிய வாசல்தான் வேறு. திரும்பவும் இம்ப்ரெசும் பக்கத்துக்கே வருகிறோம் பாருங்கள்.

ஹெர் சண்முகம்

தமிழர்களுக்கு மட்டும் இங்கே ஒரு தனித் தலைவலி இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முத்துக்குமார் என்ற பையனின் பாஸ்போர்ட்டில் சண்முகம் என்ற அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. வங்கி ஆப்போ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. இங்கே வந்ததும் அவன் 'ஹெர் சண்முகம்', அதாவது திரு. சண்முகம், ஆகிவிடுவான். வீட்டுக்கார அம்மா அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்க்கச் சில மாதம் ஆகும்.

சிரிப்பான விஷயம்தான், ஆனால் வங்கியில் சிரிப்பு இல்லை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லா இடத்திலும் கொடுங்கள். வங்கி, அலுவலகம், வாடகை ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றிலும். எஸ். முத்துக்குமார் என்று இனிஷியல் போடும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. பெயர் முன்பின்னாக இருந்தால் 'கிட்டத்தட்டப் பொருந்துகிறது' என்றோ 'பொருந்தவில்லை' என்றோ திரையில் வரும். அனுப்புபவர் நம் நண்பராக இருந்தால் சரி, அனுப்பிவிடுவார். பெரிய அலுவலகத்தின் கணக்குப் பிரிவாக இருந்தால் நிறுத்தி வைத்துக் கடிதம் எழுதலாம். ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் கடிதம்தான்.

கடிதம் என்றதும் நினைவு வருகிறது. என் முதல் கார்டு எனக்கு வரவே இல்லை. இரண்டு வாரம் காத்திருந்து, உதவி மையத்தில் முக்கால் மணி நேரம் உரையாடி, கடைசியில் தெரிந்தது: கார்டு வந்து திரும்பிப் போயிருக்கிறது. குற்றம் வங்கியுடையதல்ல, என்னுடையது. இங்கே அடுக்குமாடி வீடுகளில் கதவு எண் பெரும்பாலும் இருக்காது. தபால்காரர் பார்ப்பது தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை. என் பெட்டியில் முன்பு குடியிருந்தவர் பெயர் இருந்தது. நான் அந்த முகவரியில் இல்லை என்று தபால்காரர் முடிவு கட்டிவிட்டார். டிஜிட்டல் வங்கியில் கணக்குத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி செல்லோடேப்பால் பெட்டியில் ஒட்டுவது.

கணக்குத் தொடங்கும்போது அடையாளச் சரிபார்ப்பு உண்டு. வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டை அப்படியும் இப்படியும் சாய்த்துக் காட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் தபால் அலுவலகத்துக்கு நேரில் போய்க் காட்டும் 'போஸ்ட்இடெண்ட்' முறை. எல்லா வங்கியும் எல்லா நாட்டு பாஸ்போர்ட்டையும் வீடியோவில் ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் முன் இந்திய பாஸ்போர்ட்டுக்கு, அல்லது இலங்கை பாஸ்போர்ட்டுக்கு, எந்த முறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய முகவரிப் பதிவுச் சான்றை, அதாவது 'அன்மெல்டுங்' காகிதத்தை, பழைய பாணி வங்கிகள் கேட்கும். டிஜிட்டல் வங்கிகள் பலவும் தபால் சேரும் முகவரி இருந்தால் போதும் என்று விடுகின்றன. வீடு இருந்தால்தான் பதிவு, கணக்கு இருந்தால்தான் வீடு என்று சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு சலுகைக்காகவே டிஜிட்டல் வங்கி தெய்வம். எல்லாரும் கைவிட்டாலும், 2016இலிருந்து இங்கே சட்டபூர்வமாகத் தங்கியிருக்கும் எவருக்கும் ஒரு அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. 'பாஸிஸ்கோன்டோ' என்று கேட்க வேண்டும்.

பேக்கரியில் செல்லாத கார்டு

ஜெர்மனி தொழில்நுட்ப நாடு என்று நம்பி வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு பேக்கரியில் அடிபடுவார்கள். 'ரொக்கம் மட்டும்' என்று ஒரு அட்டை. பக்கத்துக் கடையில் கார்டு வாங்குவார்கள், ஆனால் ஜிரோகார்டு மட்டும். இது ஜெர்மனிக்கே உரிய உள்நாட்டு டெபிட் கார்டு. நம் ரூபே மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் வங்கிகள் பெரும்பாலும் தருவது மாஸ்டர்கார்டு அல்லது விசா டெபிட். நிலைமை வருடத்துக்கு வருடம் மாறிவருகிறது, இருந்தாலும் சின்ன ஊர்களில் ஜிரோகார்டு இல்லாமல் சங்கடப்படுவது இன்னும் உண்டு. பெரிய நகரத்தில் இருப்பவர்கள் இதற்காக மண்டையை உடைக்க வேண்டாம். பையில் 30 யூரோ ரொக்கம் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

எதிர்ப்பக்கச் சிக்கல் ரொக்கத்தைக் கணக்கில் போடுவது. கிளையே இல்லாத வங்கியில் எங்கே போய்க் கட்டுவது? சிலவற்றில் சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் பார்கோடு காட்டிக் கட்டலாம், அதற்குக் கட்டணமும் வரம்பும் உண்டு. உணவகத்தில் பகுதிநேர வேலை செய்து டிப்ஸ் வாங்கும் மாணவர்களுக்கு இது முக்கியம், மற்றவர்களுக்கு இல்லை. 1980களில் இங்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் பலர் இன்றும் ஊர் ஸ்பார்காஸ வங்கியை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல. கடை நடத்துபவருக்கு ரொக்கம் கட்ட ஒரு கவுண்டர் வேண்டும், முகம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். மாதக் கட்டணம் கொடுத்தாலும் அவர்களுக்கு அது லாபம்தான்.

சீட்டு பிடித்தால் கணக்கு நிற்கும்

முகம் தெரிந்த ஆள் இல்லாததன் முழு வலி கணக்கு முடங்கும்போது தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர், பெயரும் வங்கியும் வேண்டாம், ஒன்பது நண்பர்களைச் சேர்த்து மாதம் 200 யூரோ சீட்டு நடத்தினார். நம் ஊர் வழக்கம், நாணயமானவர்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒன்பது பேரிடமிருந்து ஒரே தொகை வந்து சேரும், இரண்டு நாளில் மொத்தமாக ஒருவருக்குப் போகும். இதைப் பணமோசடி தேடும் மென்பொருளின் கண்ணால் பாருங்கள். மூன்றாவது மாதம் கணக்கு நின்றது. சம்பளம் உள்ளே, வாடகை வெளியே போக வழியில்லை. "இது சீட்டு" என்பதை ஜெர்மன் மொழியில் சாட்டில் விளக்க முயன்ற அந்த ஒரு வாரத்தில் அவர் கற்ற ஜெர்மன், இரண்டு வருட வகுப்பில் கற்றதைவிட அதிகம். கடைசியில் கணக்குத் திரும்பவில்லை, பணம் மட்டும் திரும்பியது.

இது வெறும் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. பணமோசடித் தடுப்பில் ஓட்டை இருப்பதாகச் சொல்லி என்26 வங்கியையே பாஃபின் பிடித்தது. மாதத்துக்கு 50,000 பேருக்கு மேல் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2021 நவம்பரில் கட்டுப்பாடு போட்டு, 2024 ஜூனில்தான் நீக்கியது. மேலிருந்து இப்படி அடி விழும்போது வங்கிகள் கீழே சந்தேகப்பட்டதை எல்லாம் நிறுத்தும். நாம் செய்யக் கூடியது கொஞ்சம்தான். ஊரார் பணத்தை நம் கணக்கில் சுழற்றாதீர்கள். விசா புதுப்பித்தால், பாஸ்போர்ட் மாறினால், கேட்கும் முன்பே ஆப்பில் ஏற்றிவிடுங்கள். ஒரே கணக்கை நம்பி இருக்காதீர்கள். கடைசி அறிவுரைதான் இதில் பெரியது.

இதோடு சேர்ந்தது போன். டிஜிட்டல் வங்கியில் சாவி, பூட்டு, வாட்ச்மேன் எல்லாம் ஒரே போனுக்குள். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் போன் தொலைந்தால், புதுப் போனில் ஆப்பைத் திறக்கக் குறுஞ்செய்தி ஜெர்மன் எண்ணுக்குப் போகும், அந்த சிம்மும் போனோடு போயிருக்கும். அதனால் போன் மாற்றும்போது பழையதை உடனே தம்பிக்குக் கொடுத்துவிடாமல், அவசரத்துக்கு உதவட்டும் என்று, ஒரு சட்டையை மடித்து வைப்பது போல அலமாரியில் வைத்திருங்கள்.

ஊருக்குப் பணம் அனுப்புவது

இங்கேதான் பலர் வங்கியைத் தேர்வு செய்வதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைத் தேர்வு செய்கிறார்கள். 'கட்டணமே இல்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்குவது. ஒரு கணக்குப் போடுவோம். எண் வசதிக்காக, சந்தையில் ஒரு யூரோ சரியாக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 யூரோ அனுப்புகிறீர்கள். முதல் நிறுவனம் கட்டணம் பூஜ்யம் என்கிறது, ஆனால் யூரோவுக்கு 97.50 தருகிறது. அம்மா கையில் 97,500. இரண்டாவது நிறுவனம் வெளிப்படையாக 6 யூரோ பிடித்துக்கொண்டு 100 ரூபாய் விலையே தருகிறது. அம்மா கையில் 99,400. 'இலவசம்' என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த விலை 1,900 ரூபாய். ஆகவே பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: இங்கே இவ்வளவு போனால் அங்கே எவ்வளவு விழும். 2011இல் இரண்டு எஸ்தோனியர்கள் லண்டனில் தொடங்கிய வைஸ் பிரபலமானதே இந்தச் சந்தை விலையை மறைக்காமல் காட்டியதால்தான். எப்போதும் அதுவே மலிவு என்று கண்ணை மூடிச் சொல்ல மாட்டேன். அனுப்பும் அன்று இரண்டு மூன்றில் ஒப்பிடுங்கள். வார இறுதியில் சந்தை மூடியிருப்பதால் சில ஆப்கள் விலையில் கொஞ்சம் ஏற்றி வைக்கும். செவ்வாய்க்கிழமை அனுப்பினால் என்ன குறைந்துவிடப் போகிறது.

அங்கே எந்தக் கணக்கில் விழுகிறது என்பதும் முக்கியம். வெளிநாட்டில் குடியேறியபின் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது இந்திய அந்நியச் செலாவணி விதிப்படி சரியல்ல. அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் ஊர் வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் சம்பாத்தியத்துக்கு என்ஆர்இ கணக்கு பொருத்தம், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. 'வரி இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஜெர்மனியில் வரி செலுத்தும் குடியிருப்பாளருக்கு உலகில் எங்கே வட்டி வந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

ஜெர்மன் வட்டிக்கு ஆளுக்கு வருடம் 1,000 யூரோ வரை விலக்கு, அதற்கு மேல் 25 சதவீதமும் அதன்மேல் ஒரு சிறு கூடுதல் வரியும். ஜெர்மன் உரிம வங்கி தானே பிடித்துக் கட்டிவிடும். வெளிநாட்டு உரிமம் என்றால் பிடிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நாமே எழுத வேண்டும்.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு

கேள்வி அதேதான், பதில்தான் மாறும். பிரிட்டனில் மான்சோவும் ஸ்டார்லிங்கும் சொந்த உரிம வங்கிகள். அமெரிக்காவில் சைம் என்ற ஆப் வங்கி அல்ல, பின்னால் வேறு வங்கிகள் இருக்கின்றன. அங்கே ஆப்புக்கும் வங்கிக்கும் நடுவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சினாப்ஸ் என்ற நிறுவனம் 2024இல் திவாலானபோது, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கே குழம்பி, பலர் மாதக்கணக்கில் சொந்தப் பணத்தைத் தொட முடியாமல் தவித்தார்கள். சிங்கப்பூரில் ஜிஎக்ஸ்எஸ், மாரிபேங்க் போன்றவற்றுக்கு அந்நாட்டு நாணய ஆணையத்தின் உரிமம் உண்டு, காப்பீடு 1,00,000 சிங்கப்பூர் டாலர் வரை. மாரிபேங்க் என்ற பெயரைப் பார்த்ததும் நம் மாரியம்மன் பேரில் யாரோ வங்கி திறந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன்.

சித்தி மகன் என்ன செய்தான்?

"எல்லாம் சரி அண்ணா, நான் இப்ப எதைத் திறக்கட்டும்?" என்று கடைசியில் கேட்டான். நியாயமான கேள்வி. வந்த வாரத்தில் டிஇ எண் தரும், சொந்த உரிமம் உள்ள, மாதக் கட்டணம் இல்லாத ஒரு டிஜிட்டல் வங்கிக் கணக்கு. ப்ளாக்டு பணம், வாடகை, காப்பீடு எல்லாம் அதில். ஊருக்கும் ஊரிலிருந்தும் பணம் போய்வர வைஸ் மாதிரி ஒன்று, அதில் மிச்சம் வைக்காமல். முகவரிப் பதிவு, வரி எண் எல்லாம் கைக்கு வந்தபின், ஓரிரு மாதம் கழித்து, வேறொரு நிறுவனத்தில் இரண்டாவது கணக்கு. அதில் ஒரு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எப்போதும் கிடக்க வேண்டும். முதல் கணக்கு என்றாவது நின்றால் இது ஓடும். உலோகக் கார்டு, விமான நிலைய ஓய்வறை என்று மாதம் பத்து பதினைந்து யூரோ கேட்கும் திட்டங்கள் எதுவும் வேண்டாம் என்றேன். கருப்பு நிறக் கார்டு அழகாக இருக்கிறது என்றான். அந்தப் பதினைந்து யூரோவுக்கு ஒரு மூட்டைப் பொன்னி அரிசி வரும் என்றதும் விட்டுவிட்டான்.

இன்னும் ஒன்று, இது திரும்பிப் போகிறவர்களுக்கு. ஜெர்மனியை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் வங்கிக் கணக்கை முதலில் மூடாதீர்கள். வீட்டு முன்பணம் திரும்பி வரச் சில மாதம் ஆகும். தண்ணீர், வெப்பமூட்டல் போன்ற துணைச் செலவுகளுக்கு வீட்டுக்காரர் கணக்கு ஒப்படைக்க, அந்தக் கணக்குக் காலம் முடிந்தபின் 12 மாதம் வரை சட்டம் அவகாசம் தருகிறது. வரித்துறையிடமிருந்து வர வேண்டியதும் இருக்கலாம். முகவரி மாறியதைச் சொல்லி, வெளிநாட்டிலிருந்து எவ்வளவு காலம் வைத்திருக்க விடுவார்கள் என்று கேட்டுவிட்டு, அந்தப் பணமெல்லாம் வந்து சேரும்வரை கணக்கில் ஒரு இருபது யூரோ கிடக்கட்டும். ஜெர்மன் சிம்மையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சாவி அதில்தான் இருக்கிறது.